கடலில் ஏது நின்ற இடம்

காலை ஆறரை மணி. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் ஏறியபோது என் பையில் இரண்டு ஸ்வெட்டர்கள் இருந்தன. தீவுக்குப் போகிறவனுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். 1979 ஜனவரி, புல்லெல்லாம் உறைபனி. வெயில் அடிக்கும் ஊர் என்று ஒன்று இருப்பதையே அந்த நேரத்தில் என்னால் நம்ப முடியவில்லை.

கூட வந்தவன் வேலுச்சாமி, பூண்டி கிராமத்தில் பூண்டும் கேரட்டும் போடுகிறவன். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் எனக்கு ஒரு ரப்பர் கண்ணாடியையும் வளைந்த குழாயையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடியை மாட்டி, குழாயை வாயில் கவ்வி, முகத்தைத் தண்ணீரில் வைத்தால் கடலின் அடி தெரியுமாம். அண்டாவில் வைத்துப் பார்த்தோம்; அண்டாவின் அடி நன்றாகவே தெரிந்தது. இரண்டு பேருமே கடலைப் பார்த்ததில்லை, நீச்சலும் தெரியாது. ஆனாலும் கிளம்பிவிட்டோம்.

பெருமாள்மலை தாண்டியதும் மூடுபனி வந்து பஸ்ஸை மூடியது. டிரைவர் ஓரமாக நிறுத்தினார்.

"மன்னவனூர்ல நீ நின்ன மாதிரியே நின்னுட்டாருடா" என்றான் வேலுச்சாமி.

நாலு வருஷத்துக்கு முன்னால் மன்னவனூர்ப் புல்வெளியில் நான் பனியில் வழி தவறினேன். மலையில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. தவறியவன் நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. குரல் கொடுத்துக்கொண்டே நிற்க வேண்டும். மற்றவன்தான் தேடி வர வேண்டும். நான் நின்றேன், அவன் வந்தான். பனி விலகிய பிறகுதான் எங்களுக்கு நடுவே ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது தெரிந்தது. அதன் விளிம்பை ஒட்டியே அவன் நடந்து வந்திருக்கிறான்.

மதுரைக்கு 120 கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய். அங்கிருந்து ராமேஸ்வரம் பாசஞ்சர். மண்டபத்தில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் மேலே ஏறு, கீழே இறங்கு என்றால் வழி சொல்லியாயிற்று. இங்கே எல்லாம் தட்டையாகக் கிடந்தது. கடல் எந்தப் பக்கம் என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். "ரெண்டு பக்கமும்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் நிஜமாகவே இரண்டு பக்கமும் கடல்.

ஏழு மணிக்குப் படகு. முயல் தீவுக்குப் போய்வர நாற்பது ரூபாய், மிதக்க லாரி டியூப் இனாம். படகுக்காரர் பெயர் அந்தோணி.

"நீஞ்சத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவர் டியூபை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

ஆளில்லாத தீவு. வெள்ளை மணல், உடைமரங்கள், காலைக் குத்தும் பவளத் துண்டுகள். அந்தோணி மரத்தடியில் சோறு பொங்கப் போனார். தெற்குக் கரையில், இடுப்பளவுத் தண்ணீரில், முதலில் நான் டியூபின் மேல் குப்புறப் படுத்தேன். கீழே ஒரு காலிபிளவர் தோட்டம். அதற்குள் மஞ்சள் வரி போட்ட மீன்கள் போவதும் வருவதுமாக இருந்தன. எது மேடு, எது பள்ளம் என்று கடைசி வரை பிடிபடவில்லை. ஆனாலும் மனசு நிறைந்துவிட்டது.

அடுத்து வேலுச்சாமி. நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில்தான் இருந்தான். மலையில் ஒருவன் தூரம் போனால் ஒரு வளைவில் மறைவான். கடலில் வளைவு ஏது? பக்கத்தில் இருக்கிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் தலையைத் தூக்கிக் "ஓய்" என்றபோது ஆள் பூண்டுப் பல் அளவுக்கு ஆகியிருந்தான்.

நானும் எழுந்து "ஓய்" என்றேன். அவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, டியூபைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். மறுபடி கூப்பிட்டான், நானும் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. மலை முறைப்படி அசையாமல்தான் இருக்கிறான், பிறகு ஏன் இவன் போய்க்கொண்டே இருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீரில் இறங்கினேன். மார்பு வரை வந்தது. பயந்து திரும்பிவிட்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் கத்தல் கேட்டு அந்தோணி ஓடிவந்து படகைத் தள்ளினார். வேலுச்சாமியைக் கொண்டுவந்து சேர்க்க அரைமணி ஆனது. உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"கால ஒதைச்சிருந்தாலே கரைக்கு வந்திருக்கலாமேய்யா. ஏன் சும்மா கெடந்தீக?"

"நின்ன எடத்துலயே நின்னேங்க" என்றான் வேலுச்சாமி.

அந்தோணி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கடல்ல ஏதுய்யா நின்ன எடம்? வாடைக் காத்து தள்ளிக்கிட்டே போவும்ல."

சோற்றை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பும் ரயிலில் பரமக்குடி தாண்டியதும் வேலுச்சாமி கேட்டான்.

"நான் நின்னேன்ல சாமுவேலு?"

"நின்ன."

"அப்ப நீதான வரணும்?"

"ஆழந்தெரியாம எப்பிடிடா கால விடுறது?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்: "அன்னைக்குப் பள்ளம் கெடந்தது எனக்கும் தெரியாதுடா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். நீச்சல் தெரியாதவன் இறங்கினால் இரண்டு பிணம் என்று என் புத்தி சொல்கிறது. அவன் சொல்வதும் சரி என்று மனசு சொல்கிறது. இரண்டில் எது நியாயம் என்று இன்றைக்கு வரை எனக்குக் குழப்பம்தான்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கொடைக்கானலில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டு பனிக்குள் முழுகிக் கிடந்தது. கடல் எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கிட்டே விட மறுக்கிறது. எங்கள் ஊர் ஒன்றையும் காட்டுவதில்லை, ஆனால் காலடியில் தரை இருக்கிறது. வேலுச்சாமி கண்ணாடியை என் கையில் கொடுத்தான். "வெரசாப் போகணும், பூண்டி பஸ் கெளம்பிரும்" என்று நடந்தான். நாலு எட்டில் மறைந்துபோனான்.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து "ஓய்" என்று அவன் குரல் கேட்டது. கூப்பிட்டது என்னையா, கண்டக்டரையா, தெரியவில்லை. பதில் குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். கொடுக்கவில்லை. பையை அங்கேயே போட்டுவிட்டு, குரல் வந்த பக்கம் நடந்தேன்.