மாதாவின் காலடியில் ஒரு பாஸ்போட்

போன வாரம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஒரு கார் புக் பண்ணினேன்.

இதிலென்ன பெரிய கதை என்று கேட்பீர்கள். திருகோணமலைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். எங்கள் ஊரில் ஒருவர் வெளிநாடு போவதென்றால் கார் போவதில்லை. வான்தான் போகும். பயணம் போகிறவர் ஒருவர், வழியனுப்புகிறவர்கள் பதினொரு பேர். சோற்றுப் பொதி, தண்ணீர்க் கான், ஹபரணை தாண்டியதும் சத்தி எடுக்கிற ஒரு சின்னம்மா... விமான நிலைய வாசலில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவோம். திரும்பும் வழியில் தம்புள்ளையில் இறங்கி மலிவாக மரக்கறி வாங்குவோம்.

இந்த முறை நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வான் இல்லை. கார். இரண்டே இரண்டு பேர்.

போகிறவள் என் தங்கை ஸ்டெல்லா. ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய மகள் ஷாமினிக்குப் பிரசவம். கலியாணம் முடித்து எட்டு வருடத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் அவருக்குத் தாயும் இல்லை, சகோதரியும் இல்லை. ஸ்டெல்லா செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஏறினால் புதன்கிழமை போய் இறங்கிவிடுவாள். அந்த விமானத்தை விட்டால் அடுத்த ஆசனம் ஒன்பது நாள் கழித்துத்தான் என்று ஏஜென்ட் கையை விரித்துவிட்டான்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறவள். பிளேன் ஏறுவது இதுதான் முதல் தடவை. இரண்டு கிழமையாக இருந்து சரக்குத்தூள் இடித்தாள். பிள்ளைப்பெற்றவளுக்குக் கறி வைத்துக் கொடுக்க வேண்டாமா? அந்தத் தூளின் வாசம் எங்கள் உவர்மலையில் பாதி வீட்டுக்குப் போயிருக்கும்.

மற்றப் பொறுப்பெல்லாம் என்னுடையது. நானாகவே எடுத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்தவன் நான். எத்தனை கப்பல், எத்தனை ஆயிரம் பெட்டி! ஒரு பெட்டி தவறியதில்லை. ஒரு தங்கையையும் இரண்டு சூட்கேஸையும் கட்டுநாயக்காவில் கொண்டுபோய் இறக்க எனக்குத் தெரியாதா?

போனிலேயே ஒரு செயலியில் புக் பண்ணினேன். எங்கே ஏறுகிறீர்கள், எந்த விமானம், எத்தனை பெட்டி என்று எல்லாம் கேட்டது. எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் காரின் நிறம், நம்பர், சாரதியின் படம் எல்லாம் வந்துவிட்டது. சாரதி பெயர் நிஸார், கிண்ணியாக்காரர். நாற்பது வயதிருக்கும்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளோடயோ அண்ணா?" என்றாள் ஸ்டெல்லா.

"தெரிஞ்ச ஆளைக் கேட்டா, ஓம் அண்ணை நான்தான் வாறன் எண்டுவான். விடிஞ்சதும் தெரியாத ஒருத்தனை அனுப்புவான். இது நல்லம்," என்றேன்.

திங்கட்கிழமை இரவு அவள் வீட்டில் செபமாலை சொன்னோம். எங்கள் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. பயணத்துக்கு முதல்நாள் பாஸ்போட்டை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட வேண்டும். இரவு முழுக்க அது மாதாவிடம் இருக்கும், விடிய எடுத்துக்கொண்டு போவோம். பக்கத்துச் சைவ வீடுகளில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். விசா கொடுக்கிறது தூதரகம் என்றாலும் கடைசிக் கையெழுத்து மேலேயிருந்து வரவேண்டுமல்லவா?

செவ்வாய் காலை எட்டு மணிக்கு நிஸார் வந்தார். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தவில்லை. பக்கத்து வீட்டு ரீச்சரிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்தோம். ரீச்சர் சிலுவை போட்டு அனுப்பினார். கப்பல்துறை, கந்தளாய்... கார் கண்டி வீதியில் வழுக்கிக்கொண்டு போனது. சத்தி எடுக்க ஆளில்லை. சண்டை பிடிக்க ஆளில்லை. முன் சீட்டில் இருந்துகொண்டு, தனிக்காரில் போவதன் நன்மைகள் பற்றி ஸ்டெல்லாவுக்கு ஒரு சிறு பிரசங்கமே செய்தேன்.

ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். அந்த நேரம் பார்த்து ஷாமினி கோல் எடுத்தாள். இன்சூரன்ஸுக்கு வேண்டுமாம், அம்மாவின் பாஸ்போட் முன்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமாம்.

ஸ்டெல்லா ஃபைலைத் திறந்தாள். ரிக்கற் இருந்தது. அழைப்புக் கடிதம் இருந்தது. மருத்துவச் சீட்டு இருந்தது. ஃபைலைக் கவிழ்த்து உதறினாள். கைப்பையைக் கொட்டினாள்.

"ஐயோ மாதாவே! அண்ணா... பாஸ்போட்டைக் காணேல்ல!"

"நீதானே நேற்று சுரூபத்துக்கு முன்னால வைச்சனி?"

"ஓம்... விடிய எடுக்க மறந்திட்டன் போல. ஐயோ, நானொரு விசரி! என்ர பிள்ளை அங்க தனியக் கிடக்கப்போகுது..." அந்தக் கடை வாசலிலேயே குந்திவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

காலையில் நான் விறாந்தையில் நின்று போனில் நிஸாருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா குசினியில் இருந்து கத்தினாள்: "அண்ணா, மாதாவுக்கு முன்னால இருக்கிற பாஸ்போட்டை எடுத்து ஃபைலில வையுங்கோ!" நான் "ஓம் ஓம்" என்றேன். பிறகு நிஸாரிடம், "அந்தச் சந்தியில இடக்கைப் பக்கம் திரும்புங்கோ" என்றேன். அவ்வளவுதான். அந்தக் காலையில் அவள் குசினியிலிருந்து ஐம்பது விஷயம் கத்தியிருப்பாள். இதைக் கத்தியது அவளுக்கே நினைவில்லை.

எனக்கு நினைவிருந்தது. சொன்னேனா?

இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். வாய் வரவில்லை. முப்பத்திரண்டு வருடம், ஒரு பெட்டி தவறாதவன்... எல்லாப் பொறுப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டு திரிவது எவ்வளவு சுகம் தெரியுமா? ஒரு பிழை நடக்கும்வரை சுகம்தான்.

சொல்லாதது போதாதென்று அதட்டலாக ஓர் உத்தரவும் போட்டேன். "நிஸார், காரைத் திருப்புங்கோ!"

நிஸார் அசையவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு நேரத்தைப் பார்த்தார். "சேர், ஒண்டே முக்கால் மணித்தியாலம் போகணும். திரும்ப இந்த இடத்துக்கு வர அதே நேரம். பிளேன் போயிரும். பாஸ்போட் எடுக்க நாம போகத் தேவல்ல. அது தனிய வரும்."

"தனிய வருமோ?"

"நாம முன்னுக்குப் போய்க்கிட்டே இருப்பம். அது பின்னால வரும். நீங்க காருல ஏறுங்க. அக்கா, அழாம ஏறுங்க."

போனை வாயருகே பிடித்துப் பேசினார். விமான நிலைய ஓட்டம் ஓடுகிற சாரதிமார் எல்லோருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதாம். யார் ஆட்களோடு போகிறார்கள், யார் வெறும் காராகப் போகிறார்கள் என்று விடிய விடிய அதில் போட்டுக்கொள்வார்களாம். "ட்ரிங்கோ டவுனுக்குள்ள இருந்து கட்டுநாயக்க வெறுமையா வாற ஆரும் இருக்கிறீங்களா? ஒரு பாஸ்போட் வீட்டில விடுபட்டுப் போச்சு. பேரப்புள்ள பாக்கப் போற அக்காட. அவசரம்."

மூன்று நிமிடம் ஆகியிருக்காது. பதில் வந்தது.

"நிஸார் நானா, நான் ரவி. கப்பல்துறையில வீட்ட நிக்கிறன். வெள்ளைக்காரர் ரெண்டு பேரை எடுத்து நிலாவெளிக்குக் கொண்டுபோக எயார்போர்ட்டுக்குத்தான் வெளிக்கிடுறன். எந்த வீடு எண்டு சொல்லுங்கோ, டவுனுக்குத் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

ரவியை நாங்கள் கண்டதே இல்லை. அவருடைய ஆட்கள் நாலு மணிக்கு இறங்குகிறார்கள். டவுனுக்குத் திரும்புவதென்றால் அவருக்கும் நேரம் போகும். ஆனால் அந்தக் குரலில் ஒரு யோசனையும் இருக்கவில்லை.

நாங்கள் தம்புள்ளையைத் தாண்டுவதற்குள் ரவி வீடியோ கோல் எடுத்தார். நாங்கள் போனில் சொல்லிவைத்தபடி ரீச்சர் கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். நெற்றியில் திருநீறோடு ரவியின் முகம். "அக்கா, செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு வந்தனான். இதுதானே?" மாதாவின் காலடியில், மெழுகுதிரிக்குப் பக்கத்தில், சமர்த்தாக இருந்தது பாஸ்போட்.

"அதுதான் ராசா, அதுதான்!"

"நான் எடுக்கலாமோ அக்கா? மாதாட்ட இருக்கு..."

"கேட்டுப்போட்டு எடுங்கோ தம்பி."

ரவி சுரூபத்தின் பக்கம் திரும்பினார். "மாதாவே, குறை நினையாதேங்கோ, அவசரம்," என்றார். எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானையும் பூட்டினார்.

குருநாகலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தோம். ஸ்டெல்லா ஒரு வாய் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. நிஸார் மட்டும் நிதானமாகச் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "ரவி நல்லா ஓடுவான் அக்கா. பயப்படாதீங்க."

"எல்லாம் என்ர பிழைதான் தம்பி. ஒரு சாமானை ஒழுங்கா எடுத்து வைக்கத் தெரியேல்ல. அண்ணா பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு எல்லாம் செய்தவர்..."

அண்ணா பாவம் தண்ணீர் குடித்தார்.

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? மேசையில் மூன்று பேர்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரி விடு, அழுது என்ன செய்யிறது," என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். பிழை செய்தவனே மன்னிப்பும் வழங்கினான்.

இரண்டு மணி கழிந்துவிட்டது. இரண்டேகால்... ஸ்டெல்லா வீதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு வெள்ளைக் கார் கடை முற்றத்துக்குள் திரும்பியது. ரவி இஞ்சினை நிறுத்தவில்லை. கண்ணாடியை இறக்கி, பொத்தானைக் கழற்றி, பாஸ்போட்டை ஸ்டெல்லாவின் கையில் வைத்தார்.

"பேரப்பிள்ளையின்ர போட்டோவை நிஸார் நானாக்கு அனுப்புங்கோ அக்கா. குரூப்பில எல்லாரும் கேட்பினம்." அவ்வளவுதான். கார் வீதிக்கு ஏறிவிட்டது. ஒரு தேத்தண்ணி குடியுங்கோ என்று சொல்லக்கூட எங்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

நாங்கள் விமான நிலையத்தில் இறங்கும்போது கவுண்டர் பூட்ட இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. வாசலில் ஸ்டெல்லா என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"மன்னியுங்கோ அண்ணா. என்னால உங்களுக்கு எவ்வளவு அந்தரம்..."

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். வந்தது இதுதான்: "போற இடத்திலயாவது கவனமாய் இரு."

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். சரக்குத்தூள் சூட்கேஸை உருட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிக் கை காட்டிக்கொண்டு போனாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சின்னவனாக நின்றது கிடையாது.

நிஸாரோடு ஊருக்குத் திரும்பினேன். நீர்கொழும்புச் சந்தடி எல்லாம் கழிந்த பிறகு, வீதியைப் பார்த்தபடியே சொன்னார்.

"சேர், காலையில வழி கேட்டு நான் கோல் எடுத்தேனே... அக்கா உள்ளுக்கிருந்து உங்களுக்குச் சத்தம் போட்டது எனக்கும் கேட்டிச்சு."

என் காது சுட்டது. "எல்லாம் கேட்டதோ?"

"கேட்டிச்சு சேர். நீங்க ஓம் எண்டதும் கேட்டிச்சு. அதாலதான் ஏறேக்க நானும் விசாரிக்கல்ல."

"பிறகேன் நீங்க அவவுக்குச் சொல்லேல்ல?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்."

கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. கியரை மாற்றுவது போலச் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். ஹபரணையில், தம்புள்ளையில், குருநாகலில், விமான நிலைய வாசலில்... அந்த மனுஷன் எனக்கு எத்தனை தடவை இடம் விட்டுக் கொடுத்திருக்கிறார்! நான்தான் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை ஷாமினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஸ்டெல்லா பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், பிள்ளையை முதலில் வாங்கியதும் அவள்தானாம். போட்டோ நிஸாரின் குரூப்புக்குப் போய்விட்டது. பிள்ளைக்குத் திருகோணமலைச் சாரதிமார் இருபது பேர் மாமாமாராகிவிட்டார்கள். அன்றைக்குப் போனில் ஸ்டெல்லா சொன்னாள்: "நல்லகாலம் நீங்கள் கூட வந்தீங்கள் அண்ணா. நான் தனியப் போயிருந்தா அண்டைக்கு என்ன செய்திருப்பன்?"

அதற்குப் பிறகுதான் எனக்கு நித்திரை இல்லாமல் போனது.

தங்கச்சி, நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தை வாராவாரம் போனில் நீ வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். நேரில் சொல்ல மூன்று தடவை வாய் வரவில்லை. எழுத்தில் வருகிறது. நீ மறக்கவில்லை. என்னிடம்தான் எடுக்கச் சொன்னாய். நான் ஓம் என்றேன், எடுக்கவில்லை. நாள் முழுக்க உன்னை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

திட்டு. நன்றாகத் திட்டு... ஆனால் தனியாகக் கோல் எடுத்துத் திட்டு. குடும்ப குரூப்பில் போட்டுவிடாதே!