நால்வர் அல்லர், ஐவர்

தாயில்பட்டியை அடுத்த அந்தச் சிற்றூரில் பஞ்சாயத்து ரேடியோவைத் திறக்கவும் மூடவும் உரிமை பெற்றிருந்தவர் வெள்ளைத்துரை ஒருவரே. பட்டாசுக்கு மருந்து கலக்கையில் வலக்கையின் மூன்று விரல்களை இழந்தவர். பஞ்சாயத்தார் இரக்கப்பட்டு அளித்த வேலை அது. மாலை ஆறு மணிக்குப் பூங்காவின் ஒலிபெருக்கி பேசத் தொடங்கும். ஏழே காலுக்கு அவர் சிற்றலைக்கு மாற்றுவார். கடல் கடந்த நாடொன்றின் பொது வானொலி அப்பொழுது கால்மணி நேரம் தமிழில் பேசும். ஊரார் அதைச் சீமை ரேடியோ என்றனர்.

ஒலி எவ்வாறு கேட்கிறதென்று எழுதுமாறு அந்நிலையம் நேயர்களைக் கேட்டிருந்தது. நன்றாகக் கேட்கிறது என்று ஒரு வரி எழுதி முடித்தவர் பலர். வெள்ளைத்துரை இடக்கையால் எழுதப் பழகி, நாள், மணி, அலைநீள மீட்டர், எந்த நிமிடத்தில் எந்த இரைச்சல் குறுக்கிட்டது என்பது வரை எழுதினார். ஆறு ஆண்டுகள், மாதம் தவறவில்லை. அவர் அறிக்கையை நம்பி அலைவரிசையை மாற்றியதாக ஒருமுறை பதிலும் வந்தது.

தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்த சீனிச்சாமிக்குக் கேலி பேச அது போதுமாயிருந்தது.

"மாமா, சீமைக்காரனே ஒங்க பேச்சக் கேட்டு நடக்கான். வீட்ல அத்தை கேக்காகளா?"

"அவளுக்கு அலைவரிசை வேறலே."

1962ஆம் ஆண்டு ஆவணியில், தீபாவளி ஆர்டர் நெருக்கிய ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் பத்தே முக்காலுக்கு, ஊருக்கு மேற்கேயிருந்த பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறை வெடித்தது. நால்வர் இறந்ததாக நிர்வாகம் அறிவித்தது. செய்தித்தாளிலும் அதுவே வந்தது. வெள்ளைத்துரையின் அக்காள் சோலையம்மாளுக்கு வேலுத்தாய் ஒரே மகள். அன்று அவள் வீடு திரும்பவில்லை. நால்வரில் அவள் பெயரும் இல்லை.

அதற்குக் காரணம் ஊரில் எல்லோரும் அறிந்த ஒரு வழக்கம். காய்ச்சலில் கிடப்பவள் கம்பெனி வாயிலில் காட்டும் தன் எண் டோக்கனை அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்புவாள். வேலை கைவிட்டுப் போகாது. வேலுத்தாய் அன்று அடுத்த வீட்டுப் பேச்சியம்மாளின் டோக்கனோடு போனாள். பதிவேட்டின்படி மருந்து அறையில் இறந்திருக்க வேண்டியவள் பேச்சியம்மாள். அவளோ உயிரோடிருந்தாள். ஆகவே அவள் அன்று வேலைக்கு வரவில்லை என்று பதிவேடு திருத்தப்பட்டது. இடிபாட்டோடு அள்ளிப் புதைத்தவற்றை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வேலுத்தாய் லாரிக்காரன் ஒருவனோடு ஓடிப்போனாள் என்ற பேச்சு மூன்றாம் நாள் கிளம்பியது.

பதினாறாம் நாள் காரியம் செய்யச் சோலையம்மாள் மறுத்தாள்.

"ஓடிப்போனவளுக்கு எவளும் கருமாதி வைப்பாளா? எம்மக செத்தான்னு ஊரறிய யாராச்சும் சொல்லட்டும், வைக்கேன். ஏலே துரை, அந்தச் சீமை ரேடியோ ஒன் எழுத்த நம்புதுல்ல? அதுகிட்டச் சொல்லு."

அவர் எழுதினார். வெடித்த மணி, புகை சென்ற திசை, இறந்தோர் ஐவர், ஐந்தாமவள் பெயர், அவள் கொண்டுபோன டோக்கனின் எண். அவள் தம் உடன்பிறந்தாளின் மகள் என்பதையும் மறைக்கவில்லை. புரட்டாசியில் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தனர். அவர் நேர்மையில் ஐயமில்லை என்றும், ஆயினும் ஒருவர் சொல்லை மட்டும் கொண்டு எச்செய்தியையும் வெளியிடும் வழக்கம் தங்களுக்கில்லை என்றும் எழுதியிருந்தனர். உறவினரல்லாத இன்னொருவர் தாம் அறிந்ததைத் தாமே சொல்ல வேண்டும். அவர் பெயர் வெளிவராது.

அப்படிச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். வெள்ளைத்துரை போனபோது பேச்சியம்மாள் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"இல்லன்னு சொல்லலண்ணே. நாந்தான் குடுத்தேன். இந்தக் கையாலதான் குடுத்தேன்."

"அத ஒரு தாள்ல சொல்லும்மா, போதும். ஒம் பேரு வெளிய வராது."

"வராட்டி? டோக்கன் ஆரு குடுத்தான்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியாதாக்கும்? எம் மூணு புள்ளயும் அந்தக் கேட்டுக்குள்ள போயித்தான் கஞ்சி குடிக்குது." முறத்தை ஒருமுறை ஓங்கித் தட்டினாள். "ரேடியோவுல சொல்லிட்டா வேலு எந்திரிச்சா வரப்போறா? போங்கண்ணே."

அன்று மாலை அவர் பேச்சியம்மாள் பெயரில் தாமே ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். எழுத்து வேறாய்த் தோன்ற வேண்டுமென்று, மீந்த இரு விரல்களிடையே பேனாவைச் செருகி வலக்கையால் எழுதினார். நான்கு வரி வந்தது. சீமையில் ஒருவரும் கண்டுபிடித்திருக்கமாட்டார். எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் சொன்னவள் அவள் அல்லள். ஐந்தாம் வரிக்கு முன் தாளைக் கிழித்துவிட்டு அக்காள் வீட்டுக்கு நடந்தார்.

"இன்னொரு ஆளும் சொல்லணுமாங்க்கா. கிடைக்கல."

"ஒன்னய நம்பலியா?"

"நம்புதாக. ஒரு ஆள் பத்தாதாம்."

சோலையம்மாள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீ சொல்லுலே. செத்துட்டாளா?"

"செத்துட்டாக்கா."

"அப்ப நாள் பாரு."

தையில் காரியம் நடந்தது. உடல் இல்லை; வேலுத்தாயின் தாவணியை மடித்து மணைமேல் வைத்தார்கள். லாரிக் கதையை நம்பியவர்கள் வரவில்லை. பேச்சியம்மாள் வந்தாள். கூடி அழும் பெண்களின் வட்டத்தில் பக்கத்தவள் தோளில் கைபோட்டு அமர்ந்தாள். மற்றவர்கள் ஓய்ந்தபின் அவள் குரல் எழுந்தது.

"எங் காய்ச்சலுக்கு நீ போன… என் டோக்கன நீ வாங்கி, எஞ் சாவ நீ செத்தியே…"

ஒப்பாரியில் பொய் சொல்வார் அவ்வூரில் இல்லை. வட்டத்தில் அழுகை நின்றுவிட்டது. பட்டாசுக் கம்பெனி போர்மேன் கருப்பணனின் மனைவி எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வெளியேறினாள்.

திங்கட்கிழமை பேச்சியம்மாளின் டோக்கன் செல்லாது என்றார்கள். பிள்ளைகள் மூவரையும் வாயிலிலேயே திருப்பினார்கள். அவள் நேரே ரேடியோ அறைக்கு வந்து கட்டைவிரலை நீட்டினாள்.

"தடவுங்கண்ணே மைய. சீமையில பட்டாசுக் கம்பெனி இருக்கான்னும் கேட்டு எழுதுங்க. ஆள் எடுத்தா நாலு பேர் வாரோம்."

அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதி, ரேகை பதித்து அனுப்பினார். மாசியில் பதில் வந்தது. செய்தி இப்பொழுது உறுதியாயிற்று. எனினும் ஆறு மாதம் கடந்த விபத்தைச் செய்தியறிக்கையில் சேர்க்க இயலாது. தொழிற்சாலை விபத்துகளைப் பற்றிய உரையொன்றில் குறிப்பிடுவார்கள். பங்குனியில் நாளும் மணியும் குறித்திருந்தனர்.

அந்த மாலை சோலையம்மாள் ஒலிபெருக்கியின் நேர்கீழே வந்து உட்கார்ந்தாள். இரைச்சல் மிகுந்திருந்தது. வெள்ளைத்துரை ரேடியோவின் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒன்பதாம் நிமிடத்தில் அது வந்தது: சென்ற ஆண்டு சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் ஐவர் இறந்தனர். பெயர் எதுவும் இல்லை. அடுத்த வாக்கியம் வேறொரு நாட்டின் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது.

சோலையம்மாள் அறை வாசலுக்கு வந்தாள்.

"அஞ்சுன்னா சொன்னாக?"

"அஞ்சுக்கா."

"நாலு இல்லயே?"

"இல்ல."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சியம்மாள் பிள்ளைகளோடு ஆனைக்குட்டம் பக்கம் சாலைக்குக் கல் உடைக்கப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

"பேச்சி கேட்டிருப்பாளா துரை?"

"அவுக இருக்க எடத்துல ரேடியோ கிடையாதுக்கா."