அப்பா எழுந்து போகாத ஞாயிறுகள்

ஏலக்காயும் நெய்யும் கலந்த வாசனை படிக்கட்டில் ஏறத் தொடங்கினால் தீபாவளி வாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். டெல்லி லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் எங்கள் வீடு முதல் மாடி என்பதால், மேலே போகிற அத்தனை பரிசு ‘டப்பா’க்களும் தங்க நிறக் காகிதம் சரசரக்க எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். உள்ளே மட்டும் வராது. அப்பா அப்படி ஒரு சட்டம் வைத்திருந்தார்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவரான அப்பாவுக்கு, ஒப்பந்தக்காரர்களின் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் வேலை. அந்த வாரம் அவர்களுடைய ஆட்கள் டப்பாவும் கையுமாகக் கதவைத் தட்டுவார்கள். திறந்து, ‘நஹீன் லேதே’, வாங்க மாட்டோம், என்று சொல்லிச் சாத்திவிட வேண்டும். ஒன்பது வயதில் இந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே பாதாமும் முந்திரியும் இருக்கும், வாயில் எச்சில் ஊறும். ஆனால் வேண்டாம் என்று சொல்வதிலும் ஒரு ருசி இருந்தது, அது பாதாமைவிடத் தூக்கலாகவே இருந்தது.

அக்கம்பக்கத்தார் தரும் பலகாரத்துக்கு இந்தச் சட்டம் கிடையாது. எங்கள் தமிழ்த் திருச்சபையில் சிலர் தீபாவளி இனிப்பைத் தொட மாட்டார்கள். அப்பாவோ, “அன்பாக் குடுத்தா வாங்கித் தின்னுட்டு நன்றி சொல்லு, சாமிகிட்ட வச்சதான்னு விசாரணை பண்ணாத” என்பார்.

எங்கள் தலைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தவர் கப்பூர் ஆன்ட்டி. கணவருக்கு அப்பாவின் அலுவலகத்திலேயே வேறொரு பிரிவில் வேலை. பெண் குழந்தை இல்லாத அவர், குளிர்காலந்தோறும் எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னித் தருவார். அந்தத் தீபாவளிக்கு முந்தின மாலையில் அவரே ஒரு தங்க டப்பாவோடு வந்து நின்றார். டெல்லியில் தீபாவளி டப்பா ஓர் இடத்தில் நிற்காது, வந்ததைப் பிரிக்காமலே அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது இங்கே சகஜம். ஆன்ட்டி கொடுத்த டப்பாவின் மூலையில், காலையில் நான் திருப்பியனுப்பிய அதே ஒப்பந்தக்காரரின் சீட்டு கிழிபடாமல் ஒட்டியிருந்தது. நான் அதை விரலால் தொட்டுக் காட்டி, படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி, “யே தோ ரிஷ்வத் ஹை” என்றேன். இது லஞ்சம்!

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஆன்ட்டியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறிப் போனார்.

அப்பா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். “சொன்னதுல பொய் இல்லையே” என்றார். “பொய் இல்லதான், ஆனா அந்தப் பொம்பள மொகத்த நீங்க பாக்கல” என்றாள் அம்மா. அன்றிரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, வரிசை வரிசையாக எழுந்து பீடத்தின் முன் போய் அப்பமும் திராட்சரசமும் வாங்குவோம். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் பீடத்தண்டை போகக்கூடாது என்பது வழக்கம். நவம்பர் முதல் ஞாயிறு எங்கள் வரிசை எழுந்தபோது அப்பா எழவில்லை. எல்லாரும் அவர் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். டிசம்பரிலும் அப்படியே. அவர் என்ன பாவம் செய்தார் என்று சபை தன் பங்குக்கு யோசிக்கத் தொடங்கியது. கோப்பில் ஏதோ கைவைத்துவிட்டார் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. லஞ்சம் வாங்காததால் வந்த வினை, வாங்கினவர் என்ற பெயரில் போய் முடிந்தது. ஆன்ட்டி முந்தின குளிர்காலத்தில் பின்னிய பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நான் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இப்படியே போனால் கிறிஸ்துமஸ் காலைத் திருவிருந்துக்கும் அப்பா உட்கார்ந்தே இருப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, அம்மா கேக்கும் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அடுக்கிய தட்டை நீட்டி, “மேல போய் இதக் குடுத்துட்டுப் பேசுங்க” என்றாள். அப்பா தட்டைத் தள்ளிவைத்தார். “இதக் கொண்டுபோனா இதுவும் லஞ்சந்தான். வாட்டீ, நாம சும்மாவே போவோம்” என்று என் கையைப் பிடித்தார்.

ஆன்ட்டி கதவைப் பாதிதான் திறந்தார். எத்தனை வருடம் டெல்லியில் இருந்தும் திருந்தாத தன் இந்தியில் அப்பா சொன்னார்: “பஹன்ஜி, குழந்தை பேசினது என்னோட கமண்ட். மாஃப் கீஜியே.” கமண்ட் என்றால் அகந்தை. அந்த டப்பாவை வாங்கியிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை, அந்த விஷயத்தில் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. ஆனால் கைகூப்பி நின்றார். கீழே எங்கள் எதிர்வீட்டுக் கதவு இப்போதும் திறந்துதான் இருந்தது. அவமானம் நடந்த அதே படிக்கட்டில், அதே காதுகள் கேட்க, அதே அளவு சத்தமாக அவர் மன்னிப்பு கேட்டதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன்.

ஆன்ட்டி என் ஸ்வெட்டரின் கழுத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, “பாய் சாப், கேக் கஹான் ஹை?” என்றார். வருடந்தோறும் நாங்கள் கொடுக்கும் கேக் எங்கே என்கிறார்! தட்டை எடுத்துவர நான் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். மறுநாள் காலை எங்கள் வரிசையில் முதலில் எழுந்தவர் அப்பா.

அந்தக் குடியிருப்பை இடித்து, இப்போது அங்கே உயரமான கோபுரங்களைக் கட்டிவிட்டார்கள். அப்பாவும் இல்லை, ஆன்ட்டியும் இல்லை. நான் யமுனைக்கு அக்கரையில் பதினொன்றாவது மாடியில் இருக்கிறேன். டப்பாக்களை வாசல் காவலரே வாங்கி வைத்துவிடுகிறார், யார் முகத்தையும் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. சண்டையெல்லாம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான். வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பெரிய லிஃப்டில் ஏறவிடாத எட்டாம் மாடிக்காரரைப் போன வாரம் அதில் நாலு பேர் மெச்சும்படி நாறடித்தேன். நான் எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கைதட்டும் குறிகள் வரிசையாக வந்து விழ, பழைய ருசி நாக்கில் தட்டுப்பட்டது. பாதாமைவிடத் தூக்கலான அதே ருசி.

சென்ற ஞாயிறு திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தபோது நான் எழவில்லை. என் முழங்காலைத் தாண்டிப் போன இளம்பெண் குனிந்து, “உடம்பு சரியில்லையா ஆன்ட்டி?” என்று உண்மையான கவலையோடு கேட்டாள். ஒருவர் ஏன் உட்கார்ந்திருப்பார் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

“நல்லாத்தான் இருக்கேன்மா” என்றேன். “ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கு.”