யானை வராத கரையில் ஒரு கூடாரம்

கூடாரம் போட்டு ஒரு நாள் வெளியில் தங்கிவிட்டு வருவோம் என்று நான் சொன்னதும், என் கணவர் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வேளாமைக் காலம் முழுக்க நான் வட்டைக்குள்ள வாடியிலதான் கிடக்கன். திரும்பவும் ஆசைப்பட்டுப் போய் வெளியில கிடக்கணுமா?"

அவர் சொன்னதில் பிழையில்லை. நாங்கள் இருப்பது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். நெல் கதிர் தள்ளினால் யானைக்கு எப்படித்தான் மணக்குமோ, வந்துவிடும். மாதக்கணக்கில் வயல் நடுவே வாடி என்கிற குடிசையில் காவல் இருந்து, அறுவடை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குக் காவல் முடிவதில்லை. முற்றத்தில் ஒரு தென்னோலை விழுந்தால் போதும், எழும்பிக் குந்திவிடுவார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் விடியும்வரை அசந்து தூங்கி நான் கண்டதில்லை. அதை ஒரு தடவையாவது கண்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. பிள்ளைகளிடம் கடல் பார்க்கப் போகிறோம் என்றே சொன்னேன்.

மகள்மார் இருவருக்கும் சுற்றுலாக்காரர் குவியும் பாசிக்குடாக் கடற்கரைக்குத்தான் போக வேண்டுமாம். நான் குருக்கள்மடத்தைச் சொன்னேன். அங்கே கடலோரத்தில் என் தங்கச்சியின் தென்னங்காணி இருக்கிறது. எங்களுக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் வாவி கிடப்பதால் யானை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் 'பாதை' என்கிற மிதவையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம்.

"பாதையில ஏறி அக்கரைக்குப் போறதெல்லாம் ஒரு பயணமாம்மா?" என்று மூத்தவள் முகத்தைச் சுளித்தாள். நான் காதில் வாங்கவில்லை.

நெல்லை விரித்துக் காயவைக்கிற பழைய படங்குச் சீலை ஒன்று மூலையில் கிடந்தது. எலி கடித்த இடங்களுக்கு ஒட்டுப் போட்டு, கூடாரமாக்கத் தையல் மெஷினில் கொடுத்தேன். ஊசி முறிந்தது. வேறு ஊசி மாட்டினேன். அதுவும் முறிந்தது. எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை. புருஷன் வீட்டில் அதற்குப் பிடிவாதம் என்று பெயர். மீதியைச் சாக்கு ஊசியால் கையாலேயே தைத்து முடித்தேன்.

முற்றத்தில் மூங்கில் நட்டு, கட்டைகள் அடித்துக் கூடாரத்தை நிறுத்திப் பார்த்த அன்று கச்சான் காற்று பேயாக அடித்தது. மணலில் அடித்த கட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கூடாரம் எழும்பிப் போய் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற என் மச்சாள், கணவரின் தங்கை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னகா மச்சாள், உங்களுக்கு முன்னமே கூடாரம் வெளிக்கிட்டுப் போட்டுது!"

எனக்கு வந்த கோபத்தில் அன்று தேத்தண்ணீர்கூட இறங்கவில்லை. மறுநாள் உரப்பைகளில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தேன். கயிறுகளை அந்தப் பைகளில் கட்டினேன். பிறகு மச்சாளைக் கூப்பிட்டேன்.

"இப்ப இழுத்துப் பாருங்க."

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கூடாரம் அசையவில்லை, அவள்தான் மணலில் குந்தினாள். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

புறப்படும் நாளில் கணவரின் பை கனத்தது. திறந்தேன். மடித்த சாரத்துக்குக் கீழே பெரிய டோர்ச், கயிற்றில் கோத்த வெறும் பால்மா டின்கள், யானை விரட்டுகிற யானைவெடி இரண்டு. யானை தட்டினால் சத்தம் கேட்கட்டும் என்று வட்டையில் வாடியைச் சுற்றிக் கட்டுகிற அதே டின்கள்.

"நடுவில வாவி கிடக்கு. யானை என்ன, பாதையில ஏறி மோட்டார் சைக்கிள்காரரோட நிண்டு வருமா?"

"இதுகள் இல்லாட்டி எனக்கு நித்திரை வராதுகா" என்றார்.

அவர் குரல் பாவமாக இருந்தது. ஆனாலும் வெடியை அவருடைய அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டே புறப்பட்டேன். டோர்ச்சையும் டின்களையும் பையிலேயே விட்டேன். பின்னேரம் கடற்கரையில் அவர் கூடாரத்தைச் சுற்றி அவற்றைக் கட்டினார். காற்றுக்குக் கடகடவென்று ஒரே சத்தம். சின்னவள் டின்களை அவிழ்த்துக்கொண்டு போய் அவற்றில் மணல் அள்ளி விளையாடினாள். அவர் அவற்றைத் திரும்பக் கட்டாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் நான் எழும்பியபோது வெயில் கூடாரத்துக்குள் வந்திருந்தது. கரைவலை இழுப்பவர்கள் பெரிதாகச் சத்தம் போட்டார்கள். பக்கத்துத் தென்னையிலிருந்து ஒரு காய்ந்த ஓலை மட்டையோடு தொப்பென்று விழுந்தது. எழும்பிக் குந்திவிடுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபக்கம் புரண்டு படுத்துக் குறட்டை விட்டார்.

"அப்பாவை எழுப்பட்டா?" என்றாள் சின்னவள்.

"எழுப்பித்தான் பாரன்!" என்று முறைத்தேன்.

வெறுந்தேத்தண்ணீரும் கையுமாக வாசலில் குந்திக்கொண்டேன். அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மச்சாளும் வந்து கேட்டிருக்க வேண்டும்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"விடிஞ்சிட்டா?"

"விடிஞ்சு எவ்வளவோ நேரம்."

விழுந்து கிடந்த மட்டையைப் பார்த்தார். தளராமல் நின்ற கூடாரக் கயிறுகளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"இன்னொரு நாள் நிண்டுட்டுப் போவமா?" என்றார்.