கடக்கால் மூலையில் மின்புலமானி

"ஐப்பசி, செவ்வாய், காலை. தூறல் விட்டு வெயில். கம்பிகள் இரைகின்றன. கருவி இரவல்." அன்றைய என் குறிப்பு இவ்வளவுதான். மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

பொம்மிடிக்கு அருகே தங்கையின் நிலத்துக்கு மேல் உயரழுத்த மின்சார டவர் லைன் போகிறது. அதன் ஓரத்திலேயே வீடு கட்ட முளை அடித்திருந்தார்கள். அங்கே குடை பிடித்து நின்றபோது விரலில் சுரீரென்று அடித்ததாம் அவளுக்கு. கைக்குழந்தையோடு அந்த இடத்தில் குடியேறலாமா என்பதுதான் அவள் கேள்வி. மாப்பிள்ளையோ மறுநாளே அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்ட ஆள் சொல்லியிருந்தார்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நண்பரிடம், கம்பியைச் சுற்றியுள்ள மின்புலத்தை அளக்கும் மின்புலமானியை இரவல் வாங்கிப் போனேன். கம்பிக்கடியில் மார்புயரத்தில் பிடித்துப் பார்த்தேன். சிறிய எண். மாப்பிள்ளை என் தோளை உரசி எட்டிப் பார்த்தார், எண் இன்னும் சிறியதானது.

"பாத்தீங்களா மச்சான்? ஒண்ணுமேயில்ல. இவளுக்கு கொடையக் கண்டாலும் பயம்."

"வெரல்ல அடிச்சது ஒங்களுக்கா, எனக்கா?" என்றாள் தங்கை.

நண்பரைப் போனில் கேட்டேன். பக்கத்தில் நிற்கும் உடம்பு புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கருவிக்குக் குறைவாகவே எட்டும் என்றார். "கரண்ட் கடத்தாத கம்புல கட்டி நட்டுட்டு, தள்ளி நின்னு பாருங்க."

போர்வெல்லுக்கு வாங்கியதில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயின் நுனியில் கட்டி, ஈசானிய மூலையில் நட்டோம். நான் வரப்புக்குப் போய்த் திரும்புவதற்குள், பூசைக்கு வைத்திருந்த மஞ்சளைக் கரைத்துத் தங்கை குழாயில் ஊற்றிக் குங்குமமும் வைத்துவிட்டாள்.

"கடக்கால் மூலையில நட்டத வெறுமனே வுடக் கூடாதுண்ணா."

ஈரம் மண்வரை வழிந்திருந்தது. கடத்தாத கம்பு கடத்தும் கம்பாகிவிட்டது. எண் நிலைகொள்ளாமல் ஆடியது. துடைத்து, வெயிலில் உலர்த்தி, மறுபடி நட்டோம்.

வரப்பில் நின்று போன் கேமராவைப் பெரிதாக்கிப் படித்தோம். முன்பு கண்டதைவிடப் பல மடங்கு. ஆனாலும் கருவியின் கையேட்டில் இருந்த பாதுகாப்பு வரம்புக்குள்தான். மாப்பிள்ளை கிட்டே போனால் எண் இறங்கும், விலகினால் ஏறும். அவருக்கு அது விளையாட்டாகிவிட்டது.

"என்னக் கண்டா பம்முது மச்சான்."

அவர் எங்களிடம் வந்து நின்றதும் எண் ஏறி நிலைத்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. யாரோ நடந்து கிட்டே போவதுபோல் ஒரே சீராக இறங்கி, அங்கேயே நின்றது. நாங்கள் மூவரும் வரப்பில்தான் இருந்தோம், குழந்தை தங்கையின் தோளில். சோளம் அறுத்துவிட்ட வெற்று நிலம்; வேறு ஆளில்லை. கம்பிகளின் இரைச்சலும் மாறவில்லை. மறுபடி எண் ஏறியதும் மெல்லத்தான், விலகிப் போகிறவரின் வேகத்தில்.

குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள் தங்கை. "அங்க வூடு வேண்டாங்க."

மாப்பிள்ளை முளைகளைப் பிடுங்கி ரோட்டுப் பக்கம் அடித்தார். இன்று வீடு அங்கேதான் இருக்கிறது.

அந்த நேரத்தில் லைனில் மின்னழுத்தம் குறைந்ததா என்று துணைமின் நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. பேட்டரியாக இருக்கலாம் என்கிறார் நண்பர், அவரும் சோதிக்கவில்லை. எண் ஏன் இறங்கியது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.