அப்பாவின் கார் லைற்றுகள்

இருட்டினபின் எங்கள் கார் கேற்றைத் தாண்டியதில்லை. சீனன்குடாவில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த எல்லாருக்கும் அது தெரியும். அப்பா வாடகைக்குக் கார் ஓடினார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். பிறகு நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் தங்கும் வெளிநாட்டுக்காரரைக் கோயிலுக்கும் வெந்நீர்க் கிணற்றுக்கும் கூட்டிப் போவார். பின்னேரம், சூரியன் சாயும் முன்பே கார் எங்கள் மாமரத்தின் கீழ் வந்து நின்றுவிடும். யாராவது இரவு ஓட்டத்துக்குக் கேட்டு வந்தால் அப்பா வாதாடுவதில்லை. அவர்களைக் காரின் முன்பக்கம் அழைத்துப் போய்க் காட்டுவார்.

"பாருங்கோ, லைற் மங்கிப்போச்சு. இதோட இரவில ஓட ஏலாது."

அது பொய்யில்லை. வெள்ளைக் காரின் முகத்தில் அந்த இரண்டு லைற்றுகளும் பழைய சவர்க்காரப் பெட்டியைப் போல மஞ்சளித்து, உள்ளே பல்ப் இருப்பதுகூடத் தெரியாமல் மூடிப் போயிருந்தன. வந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், வேறு கார் தேடிப் போவார்கள். நல்ல உழைப்பு கைவிட்டுப் போவதைப் பற்றி அம்மா ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அது எனக்கு ஆச்சரியமாகப் பட்டிருக்க வேண்டும். படவில்லை.

எனக்கு வேறு கவலை இருந்தது. அந்த வருடம்தான் என்னைப் பட்டினத்து மாதா கோயிலில் பாடகர் குழுவில் சேர்த்திருந்தார்கள். நான் ஆறாம் வகுப்பு. நத்தார் இரவுப் பூசையில், யேசு பாலன் பிறக்கும் நேரத்தில் பாடும் பாட்டில், இரண்டு வரிகள் என் குரலில் மட்டும் வரும். ஆனால் நாங்கள் இரவுப் பூசைக்கே போகாத குடும்பம். நத்தார் அன்று விடிந்தபின் போய், முந்தின இரவின் மெழுகுதிரி வாசத்துக்குள் முழந்தாளிட்டுவிட்டு வருகிறவர்கள்.

இதை நான் மாமாவிடம்தான் சொல்லி அழுதேன். மாமா அம்மாவின் அண்ணன், துறைமுகத்தில் வேலை. போனில் எதைப் பார்த்தாலும் அதை உடனே செய்து பார்க்க வேண்டும் அவருக்கு. தன் வீட்டில் மாமி விடமாட்டா என்பதால் எங்கள் வீட்டில் செய்வார். முந்தின வருடம் எங்கள் மிக்ஸியைத் திருத்தினார். அதற்குப் பிறகு நாங்கள் அம்மியில் அரைத்தோம்.

"இதுக்கா அழுகிறாய்?" என்றார் மாமா. "லைற் மங்கினா மினுக்கலாம். வீட்டில வைச்சே மினுக்கலாம். நான் பார்த்தனான்."

அடுத்த சனிக்கிழமை அப்பா ஏதோ அலுவலாகப் பஸ்ஸில் பட்டினத்துக்குப் போயிருந்தார். மாமா ஒரு பையோடு வந்தார். அதற்குள் பற்பசை, நாலைந்து விதமான சான்ட்பேப்பர், ஒட்டும் ரேப், ஒரு சின்ன டப்பாவில் பொலிஷ் எல்லாம் இருந்தன. அம்மா வாசலுக்கு வந்து பையைப் பார்த்தா.

"அண்ணா, அதை விடுங்கோ. இருந்தபடி இருக்கட்டும்."

"ஏன் பிள்ளை, மச்சான் ரெண்டு காசு கூட உழைக்கிறது உனக்குப் பிடிக்கேல்லையோ?"

அம்மா குசினிக்குள் போய்விட்டா. வழக்கமாக மாமா வந்தவுடன் வரும் தேத்தண்ணி அன்று வரவேயில்லை.

முதலில் பற்பசையைத் தடவித் தேய்த்தோம். கொஞ்சம் வெளித்தது போல இருந்து, காய்ந்ததும் பழையபடி ஆனது. மாமா அசரவில்லை. லைற்றைச் சுற்றிப் பெயின்றில் கீறல் விழாதபடி ரேப்பை ஒட்டினார். சொரசொரப்பான தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தேய்க்கச் சொன்னார். நான் தேய்த்தேன், தம்பி சின்ன வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினான். அவனுக்கு அப்போது நாலு வயது. மஞ்சள் தண்ணீர் வழிந்து பம்பரில் இறங்கியது. பிறகு அது பால் நிறமாக மாறியது. துடைத்துப் பார்த்தேன். முன்பாவது மஞ்சளாக இருந்த லைற் இப்போது அரைத்த தேங்காயைப் பூசியது போல வெள்ளையாக, முழுக்க முழுக்கக் குருடாக இருந்தது.

"மாமா, பழுதாக்கிப்போட்டம்."

"பொறு. இப்பதான் அழுக்குத் தோல் உரிஞ்சிருக்கு," என்றார் அவர். ஆனால் போனை எடுத்து அந்த வீடியோவை இன்னொரு தரம் பார்த்தார்.

பிறகு மெல்லிய தாள், அதைவிட மெல்லிய தாள். ஒவ்வொரு தாளுக்கும் வெண்மை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என் விரல் நுனிகள் ஊறிச் சுருங்கிவிட்டன. கடைசியில் மாமா பொலிஷை ஒரு பழைய பனியன் துண்டில் எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். கை சளைத்ததும் என்னிடம் தந்தார். நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான், துணி விலகிய ஓர் இடத்தில், உள்ளே இருந்த பல்ப் திடீரென்று தெரிந்தது. கிணற்றின் அடியில் தண்ணீருக்குள் கிடக்கும் காசைப் பார்ப்பது போல. அதன் பிறகு என்னிடமிருந்து அந்தத் துணியை யாராலும் வாங்க முடியவில்லை.

பின்னேரம் அப்பா வந்தார். மாமாவும் நானும் தம்பியும் காருக்கு முன்னால் வரிசையாக நின்றோம். அப்பா நின்று பார்த்தார். கிட்ட வந்து ஒரு லைற்றின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார்.

"இனி ஒரு சாட்டும் சொல்ல ஏலாது மச்சான்," என்றார் மாமா சிரித்துக்கொண்டு. "பிள்ளையை நத்தார்ப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"நல்லா வந்திருக்கு," என்றார் அப்பா. அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். "பற்றரியும் கொஞ்சம் பலவீனமாத்தான் இருக்கு. பார்ப்பம்."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அப்பாவுக்குச் சந்தோஷமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

நத்தாருக்கு முந்தின கிழமை மழை பிடித்துக்கொண்டது. தம்பிக்கு முட்டு வருத்தம் இருந்தது. மழைக் குளிரில் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். மற்ற நாட்களில் அம்மா ஆவி பிடிக்க வைத்து, முதுகைத் தடவி, மருந்து கொடுத்துத் தணித்துவிடுவா. அன்று பின்னேரம் மருந்துக்கு அது அடங்கவில்லை. விளக்கு ஏற்றும் நேரத்தில் அவனுடைய விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே போய் வந்தது. அழுவதற்கும் அவனுக்கு மூச்சுப் போதவில்லை. அப்பா பக்கத்து ஓட்டோக்கார அண்ணையைக் கூப்பிட ஓடினார். அவர் கிண்ணியாவுக்கு ஓட்டம் போயிருந்தார். மாமாவுக்குப் போன் அடித்தால் அவர் வேலையில் நின்றார், எடுக்கவில்லை. அம்புலன்ஸுக்கு எடுத்தால் மூதூர்ப் பக்கம் போயிருக்கிறது, வரச் சுணங்கும் என்றார்கள்.

அம்மா தம்பியைத் துவாயில் சுற்றித் தோளில் போட்டபடி மாமரத்தடிக்கு வந்தா. அப்பாவும் அவவும் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். மழைச் சத்தத்தில் அவர்கள் கதைத்தது எனக்கு முழுக்கக் கேட்கவில்லை. "ஏலுமோ?" என்று அம்மா கேட்டது மட்டும் கேட்டது. அப்பா உள்ளே போய்க் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, நீ முன்னுக்கு ஏறு," என்றார் என்னிடம்.

முன் சீற்றில் இருக்க எனக்கு அனுமதி இல்லை. நான் தயங்கினேன்.

"ஏறு. உன்ர லைற்றில என்னென்ன தெரியுதோ, எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக்கொண்டு வா. ஒண்டையும் விடாத."

அவர் லைற்றைப் போட்டார். ஒழுங்கை முழுவதும் வெளிச்சமானது. மழைத் துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தம்பிக்கு அப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதும், எனக்குள்ளே ஒரு பெருமை எழும்பியது. அது நான் மினுக்கிய வெளிச்சம்.

பெரிய தெருவுக்கு ஏறியதும் நான் சொல்லத் தொடங்கினேன். இடப்பக்கம் மதில். அதற்கடுத்து விமானப்படைக் கம்பி வேலி. ஒரு லொறி எதிரே வருகிறது. தெருவோரத்தில் மாடுகள் மூன்று படுத்திருக்கின்றன. "எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அப்பா. "எங்கட பக்கம்," என்றேன். கார் நடுக்கோட்டுக்கு நகர்ந்தது. லொறியின் வெளிச்சம் முகத்தில் அடித்தபோது அப்பா காரை ஏறக்குறைய நிறுத்தியேவிட்டார். அது தாண்டிப் போனபின்னும் சற்று நேரம் நகரவில்லை. "இப்ப என்ன தெரியுது?" என்றார். "தெருதான் தெரியுது அப்பா. ஒருத்தரும் இல்லை." அதன் பிறகுதான் கார் போனது.

எனக்குப் பயம் வராமல் இருக்கத்தான் அப்பா இப்படிக் கதை கேட்கிறார் என்று நினைத்தேன். அதோடு, என் வேலையை மெச்சுகிறார் என்றும். அதனால் நல்ல காட்சியாகத் தேடிச் சொன்னேன். தூரத்தில் மினுங்கும் நாயின் கண்கள். மழையில் நனைந்த மாதா சிலைக் கூடு. ரயில் கடவையின் கம்பம்.

பின்னால் தம்பியின் இழுப்புச் சத்தம் நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா அவனுடைய கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தா. அவனுடைய உதடு ஒரு மாதிரி நிறம் மாறியிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தேனோ தெரியாது. நிமிர்ந்த அம்மா எனக்குப் பின்னால், முன் கண்ணாடியூடாகத் தெருவைப் பார்த்துக் கத்தினா.

"நிப்பாட்டுங்கோ!"

அப்பா பிரேக்கை மிதித்தார். கார் ஈரத் தெருவில் வழுக்கிக் கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி நின்றது. பொனற்றுக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு வயதானவர் நின்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவைக் கடக்கும்போது எங்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். கறுப்புக் குடை. கரியரில் கட்டிய விறகு. எங்கள் வெளிச்சத்தில் அவருடைய சேட்டின் பொத்தான்கூட எனக்குத் தெரிந்தது.

அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆளோ பிள்ளை, மாடோ?"

"ஆள் அப்பா. ஒரு ஐயா."

அந்த மனுசன் ஏதோ ஏசிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு இருட்டுக்குள் போனார். "போயிட்டாரோ?" என்றார் அப்பா. "போயிட்டார்," என்றேன். பின்னால் தம்பி இருமினான். மறுபடி இழுக்கத் தொடங்கினான். அந்தச் சத்தம் கேட்டு அம்மா அழுதா.

அதற்குப் பிறகு நான் திரும்பவில்லை. பாலையூற்று தாண்டி, பட்டினத்துக் கடைகளின் வெளிச்சம் வரும்வரை சொல்லிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட தெருவில், பட்டினத்துக்குள் எப்போதும் திரியும் மான்கள் நின்றன. மழைக்குக் கடை ஓரமாக ஒதுங்கியிருந்தன. "மான் நிக்குது, வலப்பக்கம், அஞ்சாறு." "ஓம்," என்று சொல்லி அப்பா இடப்பக்கம் ஒதுக்கினார்.

தம்பியை உள்ளே தூக்கிப் போய் மூக்கில் மாஸ்க்கைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உதடு பழையபடி சிவந்தது. இன்னும் சுணங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு தாதி அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அப்பாவிடம் சொல்ல வெளியே ஓடினேன். அவர் காரை விட்டு இறங்கவில்லை. நெற்றியை ஸ்ரியரிங்கில் வைத்தபடி இருந்தார். தம்பிக்குச் சுகம் என்றதும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவருடைய சேட் முழுக்க ஈரம்.

"லைற் நல்லா இருந்ததுதானே அப்பா?"

அவர் என் தலையின் ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டார்.

"ஓம் பிள்ளை. லைற் நல்லாத்தான் இருந்தது."

விடியும்வரை அவர் வீட்டுக்குப் போகவில்லை. நத்தார் இரவு நான் மாமாவின் மோட்டார் சைக்கிளில் போய்ப் பாடினேன். தைப்பொங்கல் கழிந்து அப்பா காரை விற்றார். வாங்க வந்தவர் லைற்றுகளைப் புகழ்ந்தார். அப்பா ஒரு ஹோட்டலில் பகல் வேலைக்குச் சேர்ந்தார். என்னுடைய உழைப்பை யாரோ ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று பல நாட்கள் நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் காரணம் சொல்லவும் இல்லை.

பிறகு எனக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும் வயது வந்தது. கண் சோதனைக்கு அப்பாவும் கூட வந்தார்; நான் கூப்பிடவில்லை. டொக்டர் என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டே, வழக்கமாகக் கேட்பது போல, குடும்பத்தில் யாருக்காவது கண் வருத்தம் உண்டா என்றார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கு," என்றார் அப்பா, மூலையில் இருந்த கதிரையிலிருந்து. "இருட்டினா ஒண்டும் தெரியாது டொக்டர். லைற் போட்டா நடுவில தெருக்கோடு மட்டும் தெரியும். இவளுக்கும் இருக்குமோ எண்டு ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

"எப்ப தொடக்கம்?"

"இவள் பிறக்க முதலே."

என் கண்ணில் ஒன்றும் இல்லை என்றார் டொக்டர். அப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று மழையில், ஒரு கெட்டிக்காரப் பிள்ளையாகத்தான் நான் அந்த முன் சீற்றில் இருந்தேன். சொல்லத் தகுந்தது என்று எனக்குப் பட்டதைச் சொன்னேன். மற்றவற்றைச் சொல்லாமல் விட்டேன். நான் சொல்லாமல் விட்டது எதுவும் அந்தத் தெருவில் அப்பாவுக்கு இருக்கவேயில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.