நோட்டில் எழுதிய ரத்தக்கசிவுகள்

ஒரே ஊசிதான் என்று டாக்டரம்மா சொன்னதும் என் மனைவி கோமதி கைகூப்பிவிட்டாள். நான் அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

எனக்கு ஹீமோபிலியா (ரத்தத்தை உறையவைக்கும் புரதம் போதாமல் பிறக்கும் குறைபாடு). வயது நாற்பத்தொன்று. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஒரு கடையில் உட்கார்ந்து எடைச்சீட்டு எழுதுகிறேன். யார் எடை போட்டாலும் நான் பூவைப் பார்க்க மாட்டேன், தராசைத்தான் பார்ப்பேன். புத்தி அப்படி.

டாக்டரம்மா பொறுமையாகவே விளக்கினார். மரபணு சிகிச்சை என்றால், நோய் உண்டாக்காத ஒரு வைரஸுக்குள் சரியான மரபணுவை வைத்து நரம்பில் ஏற்றுவார்கள். அது கல்லீரலுக்குப் போய், இல்லாத புரதத்தை உடம்பையே தயாரிக்க வைக்கும். இன்னும் ஆராய்ச்சியாகத்தான் நடக்கிறது, கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும். எத்தனை வருடம் நிற்கும் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், உறுதி சொல்ல முடியாது என்றார். ஒத்துக்கொள்ளாவிட்டால் வெளியே எடுக்கலாமா? முடியாது. இன்னொரு தடவை போடலாமா? இப்போதைக்கு அதுவும் முடியாது, உடம்பு அந்த வைரஸை எதிர்க்கப் பழகியிருக்கும்.

வைரஸ் என்ற பேச்சே எனக்கு ஆகாது. என் அண்ணனுக்கும் இதே குறைபாடு. சின்ன வயதில் ரத்தம் நிற்காதபோதெல்லாம் அவனுக்கு ரத்தம் ஏற்றினார்கள். அதன் வழியாக ஹெபடைடிஸ் சி (கல்லீரலைக் கெடுக்கும் கிருமித்தொற்று) வந்து போய்ச்சேர்ந்தான். அப்போதும் ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். மறக்க முடியுமா?

இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். டாக்டரம்மா, நான் ரத்தக்கசிவை எழுதிக் கொண்டுபோகும் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இதுல பாருங்க, எவ்வளவு ப்ளீடிங். ஊசி போட்டும் நிக்கல. அதனாலதான் யோசிக்கச் சொல்றேன்."

அந்த நோட்டில் பாதி பொய்.

இந்த நோய்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஃபேக்டர் (அந்தப் புரதத்தின் ஊசிமருந்து) வீட்டில் போட்டுக்கொள்ளத் தருவார்கள். என்றைக்கு எந்த மூட்டில் கசிந்தது, எத்தனை ஊசி போனது என்று நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். நோட்டு காலியாக இருந்தால் அடுத்த முறை குறைத்துவிடுவார்களோ என்று பயம். அதனால் கால் லேசாக மரத்தாலும் 'முழங்கால் கசிவு, ஒரு ஊசி' என்று எழுதுவேன். அந்த ஊசி ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் போய் உட்காரும். பனவடலிசத்திரத்தில் முருகையா என்று எனக்கொரு கூட்டாளி, அவருக்கும் இதே நோய். வழுக்கி விழுந்து தொடை வீங்கியபோது என் வீட்டு ஊசிதான் அவரை ஆஸ்பத்திரி வரை கொண்டுசேர்த்தது. இதைப் பொய் என்று நாங்கள் சொல்வதில்லை. முன்யோசனை என்போம்.

பஸ்ஸில் வரும்போது கோமதி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "டாக்டரச் சந்தேகப்படுதீங்க, ஊசியச் சந்தேகப்படுதீங்க. பொய் எழுதுனது யாரு?"

அன்றைக்கு அவள்மேல் எரிச்சல்தான் வந்தது. ஆனால் நான் எழுதிய பொய்யை நம்பி, திரும்ப எடுக்க முடியாத ஒன்றை என் உடம்புக்குள் ஏற்றப் பார்க்கிறார்கள். உண்மையைச் சொன்னால் கையில் இருக்கிற ஊசியும் போகலாம். முருகையாவிடம் போனில் யோசனை கேட்டேன்.

"வே, நீரு உண்மையச் சொன்னா நம்ம எல்லாரு நோட்டையும் தோண்டுவாவ. வாய மூடிக்கிட்டு இரும்" என்றார்.

அடுத்த முறை போனபோது சொல்லிவிட்டேன். முருகையா பெயரை மட்டும் எடுக்கவில்லை. டாக்டரம்மா நோட்டை மூடி வைத்தார். பிறகு, அவசரத்துக்கு ஊசி வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள் என்றார். ஆறு மாதம் உள்ளதை உள்ளபடி எழுதி வரச் சொன்னார். ஊசியைக் குறைக்கவில்லை. அதையும் நான் சந்தேகப்பட்டேன், விடுங்கள்.

உள்ளதை எழுதுவது லேசு என்று நினைத்தேன். முதல் வாரமே பேனா நின்றுவிட்டது. இது வலியா, கசிவா, வழக்கம்போல நான் கட்டுகிற கதையா என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாம் மாதம் தெரிந்தது, முழங்கால் நான் எழுதியதில் பாதிகூடக் கசியவில்லை. கசிந்துகொண்டிருந்தது வலது முழங்கை. சீட்டு எழுதுகிற கை. வேலை போய்விடும் என்று அதைப் பற்றி எந்த நோட்டிலும் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது பார்த்தால் முழுதாக நீட்ட முடியவில்லை. எத்தனை வருடமாக இப்படி என்று டாக்டரம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்து இன்னும் போடவில்லை. அந்த ஊசிமேல் எனக்கு இருந்த சந்தேகம் அப்படியே இருக்கிறது. நீங்களும் எல்லாவற்றையும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். நான் நோட்டு எழுத இன்னும் ஆறு மாதம் கேட்டு வாங்கியிருக்கிறேன். டாக்டரம்மாவைச் சோதிக்க அல்ல.

முன்பெல்லாம் கோமதி "வலிக்கா?" என்று கேட்டால், அவள் வாயை மூடுமுன் பதில் வந்துவிடும். இப்போது அவள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கண்ணை மூடி ஒவ்வொரு மூட்டாக விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.